ஹவுராவிலிருந்து டாலிகஞ்ச்: இரண்டு கம்பிக் கேபிளை நம்பி வண்டி இழுத்த கதை

பதின்மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேட்கவும். 2007 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஹவுரா சிப்பூரில் இருந்த ஒரு பட்டறையிலிருந்து டாலிகஞ்சில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு சிறிய வீட்டு வண்டியை இழுத்து வந்தோம். சாதாரண நாளில் ஐம்பது நிமிடம். எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. அதில் பதினொரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டிரெய்லரை வீடாக மாற்றி, அதற்கு எங்கிருந்து எப்படி மின்சாரம் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஏன் இந்த வண்டி என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி செல்விக்கு ஆஸ்துமா. கடற்கரைக்குப் போக அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இந்தப் பக்கத்து லாட்ஜ்களின் மெத்தையில் ஒரு ராத்திரி படுத்தால் மறுநாள் மூச்சு விட முடியாது. தீகாவில் ஒருமுறை, புரியில் ஒருமுறை பட்டுவிட்டோம். சொந்த மெத்தை, சொந்தத் தலையணை, நெபுலைசர் வைக்க ஒரு பலகை, இவ்வளவும் நம்மோடு வந்தால் எங்கேயும் போகலாமே என்று தோன்றியது. நெபுலைசர் என்பது மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக மூச்சில் இழுக்க வைக்கும் சிறிய பம்பு. அது ஓட வீட்டு மின்சாரம் வேண்டும்.

சிப்பூரில் பட்டறை வைத்திருக்கும் ஸ்வபன், கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டிருந்த ஒரு இரண்டு சக்கர டிரெய்லரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதன் மேல் இரும்புத் தகட்டில் எட்டடிக்கு ஐந்தடி அறை ஒன்று கட்டினோம். உள்ளே பிளைவுட், ஒரு கட்டில், இரண்டு ஜன்னல், பின்பக்கம் ஒரு கதவு. என் பழைய ஜீப் அதை இழுக்கும். நான்கு மாத வேலை. வண்டியைப் பதிவு செய்ய அலிப்பூர் ஆபீசுக்கு அலைந்தது தனிக் கதை, அதை விடுங்கள்.

மின்சாரத்துக்கு மூன்று வழி இருந்தது. ஜெனரேட்டர் வைத்தால் புகை. ஆஸ்துமாக்காரிக்குப் பக்கத்தில் புகை விடுவதைவிட வீட்டிலேயே இருக்கலாம். பேட்டரியும் இன்வெர்ட்டரும் நல்ல வழிதான், ஆனால் எடை கூடும் என்று தள்ளிவிட்டேன். மூன்றாவது, போகும் இடத்தில் கடையிலோ வீட்டிலோ கேட்டு ஒரு கேபிளைச் செருகிக்கொள்வது. அதையே தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. அதை நான் செய்த விதத்தில்தான் தப்பு.

நான் கிதர்பூரில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரரிடம் மின்சாரப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். துறையில் கட்டி நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுப்பது எனக்குச் சோறு தின்பது மாதிரி. கேபிள் முனைகளைப் பெட்டிக்குள் போல்ட் போட்டு முறுக்கிவிடுவோம். அலையில் ஆடும்போது கழன்றுவிடும் என்பதால் பிளக் என்ற பேச்சே கிடையாது. லாஞ்சு என்கிற சிறிய இரும்புப் படகுகளுக்கு இரண்டு கம்பி போதும் என்றே பழகிவிட்டிருந்தேன். உடம்பு முழுக்கத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் இரும்புக்குத் தனியாக எர்த் எதற்கு? டிரெய்லரையும் அப்படியே செய்தேன். முப்பது மீட்டர் இரண்டு கம்பிக் கேபிள், தகட்டில் ஒரு துளை, உள்ளே போல்ட்.

ஸ்வபனுக்கு அது பிடிக்கவில்லை. "தாதா, வெளியிலே கழட்டி மாட்டுற மாதிரி நீல சாக்கெட் ஒண்ணு போடுங்க, அறநூத்தம்பது ரூபாதான்" என்று பெங்காலியில் இரண்டு தடவை சொன்னார், தாதா என்றால் அண்ணன். துளையின் விளிம்பு கூராக இருக்கிறது, ரப்பர் வளையம் போடட்டுமா என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கப்பலுக்கே கொடுத்தவனுக்கு இவர் கற்றுத் தருகிறாரா என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, முகத்தில் காட்டினேன். அவர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

காலை 10.40க்குப் பட்டறையை விட்டுக் கிளம்பினோம். தூறல். 11.25க்கு ஆற்றின் புதுப் பாலத்தின் மேல் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. அலிப்பூரைத் தாண்டுவதற்குள் மணி 12.30. சாலையெங்கும் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றன. ஜீப்புக்குத் துணிக் கூரை, பக்கங்கள் திறப்பு. டீசல் புகை முழுக்க உள்ளேதான். செல்வி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு நின்றுவிட்டது. பேச்சு நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

1.50க்கு டாலிகஞ்ச் டிராம் டிப்போவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சந்தில் மாட்டிக்கொண்டோம். முன்னால் இடுப்பளவு தண்ணீர், பின்னால் வரிசையாக டாக்சிகள். வீடு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. செல்வி இன்ஹேலரை இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லை. கழுத்துக் குழி உள்ளே இழுத்து இழுத்து வந்தது.

"முடியலங்க. மிஷின போடுங்க" என்றாள். அதைச் சொல்லவே இரண்டு தடவை நிறுத்தினாள்.

சந்தின் ஓரத்தில் தெருக்காரர்கள் கூடும் ஒரு கிளப் அறை திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் மொண்டு என்பவரிடம் ஓடினேன். "அட, பௌதிக்கு முடியலையா? செருகுங்க தாதா, கேட்கணுமா?" என்றார், பௌதி என்றால் அண்ணி. கேபிளை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்து, பிளக்கை இறுக்கமாகச் செருகி, யாரும் தடுக்கி இழுத்துவிடக் கூடாதென்று ஜன்னல் கம்பியில் கேபிளைக் கயிற்றால் கட்டினேன். கப்பல்காரன் கட்டு, சாமானியத்தில் அவிழாது. செல்வியை வண்டிக்குள் ஏற்றிக் கட்டிலில் உட்கார வைத்து, மருந்து ஊற்றி, முகமூடியை மாட்டிவிட்டேன். அதன் பிறகுதான் கிளப் அறைக்குப் போய் சுவிட்சைப் போட்டு வண்டிக்கு மின்சாரம் விட்டேன். 2.10க்குப் பம்பு ஓட ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக அவள் தலையசைத்ததும் எனக்கு உயிர் வந்தது.

மொண்டு கிளப்பைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். மதியம் இரண்டு முதல் நாலு வரை இந்த ஊரில் டீக்கடை தவிர எதுவும் திறந்திருக்காது. எனக்கும் அது உறுத்தவில்லை.

2.20க்கு, டயர் எவ்வளவு முழுகியிருக்கிறது என்று பார்க்கக் குனிந்தேன். புறங்கை மட்கார்டில் பட்டது. யாரோ கட்டையால் முழங்கையில் அடித்த மாதிரி கை பின்னால் போய் விழுந்தது. காலில் ரப்பர் கம்பூட்ஸ் இருந்ததால் பிழைத்தேன்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வண்டி குலுங்கியதில் அந்தக் கூரான துளை கேபிளை அறுத்திருக்கிறது. மின்சாரம் தகட்டில் ஏறிவிட்டது. லாஞ்சு தண்ணீரில் நிற்கும். இது நான்கு அங்குல ரப்பர் டயரில் நிற்கிறது. எர்த் கம்பி இல்லை, அதனால் பியூஸ் போகாது. உள்ளே இருக்கும்வரை செல்விக்கு ஒன்றும் ஆகாது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தண்ணீரில் வைத்தால் முடிந்தது.

கேபிளைக் கழற்றலாமென்றால் அது உள்ளே போல்ட் போட்டு முறுக்கியது. வெட்டலாமென்றால் கருவிப் பெட்டி ஜீப்பில். ஜீப்பும் டிரெய்லரும் இரும்புக் கொக்கியால் கோத்தவை, ஆகவே ஜீப்பிலும் மின்சாரம். பிளக் பூட்டிய அறைக்குள், ஜன்னலில் கேபிளைப் பிடித்து இழுக்கலாமென்றால் என் கட்டு விடாது. ஒவ்வொன்றும் நான் என் கையால், அக்கறையாகச் செய்தது.

ஜன்னல் பக்கம் போய் இரண்டு கையையும் ஆட்டினேன், வராதே என்று. மழை வழியும் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தவளுக்கு அது வா என்று பட்டிருக்கிறது. தண்ணீர் ஏறுகிறது, கூப்பிடுகிறார் என்று நினைத்து முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்தாள். பம்புச் சத்தத்தில் என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை.

பக்கத்து டீக்கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒன்றைத் தண்ணீரில் போட்டு மேலே ஏறி நின்று, இன்னொன்றின் காலால் கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தேன். உள்ளிருந்து அவள் தள்ளுகிறாள். நான் வெளியிலிருந்து தள்ளுகிறேன். மூச்சு முட்டும் பெண், கதவைத் திறக்க விடாத புருஷன்! பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? "கி கோர்ச்சேன் மஷாய்! தர்ஜா கூலுன்!" என்று நாலாபக்கமும் கத்த ஆரம்பித்தார்கள். என்ன செய்கிறீர், கதவைத் திறவும் என்கிறார்கள். எனக்குப் பெங்காலி நன்றாகவே வரும். அந்த நேரத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. "தொடாதிய! தொடாதிய!" என்று தமிழில்தான் கத்தினேன்.

எதிர்வீட்டிலிருந்து ரத்னா என்ற அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, நேராகக் கதவின் கைப்பிடிக்குக் கை நீட்டினார். நான் கதவை விட்டுவிட்டு நாற்காலியால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை, நடுத்தெருவில், பலம் கொண்டமட்டும் அடித்தேன்.

கதவு திறந்துகொண்டது. செல்வி படியில் நின்றாள், ஒரு கால் காற்றில்.

"ஏளா, எறங்காத! வண்டியில கரெண்டு! கரெண்டு!"

அந்த ஒரு சொல் எல்லாருக்கும் விளங்கியது. டீக்கடை நிமாய் "கரெண்ட்! சோரே ஜாவ், விலகு!" என்று அலறினான். என் சட்டையைப் பிடிக்க வந்த இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். செல்வி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நிமாய் மொண்டுவைக் கூட்டிவர ஓடினான். நான் நாற்காலியில் நின்றபடியே இருந்தேன். எங்களுக்கு நடுவில் இரண்டடி. அவளுக்கு மறுபடி இழுப்பு ஏறியது. என்ன செய்ய என்று கண்ணால் கேட்டாள். பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "உள்ள போய் மாட்டிக்கோ" என்றேன். முகமூடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்தாள். அவளைக் கொல்ல இருந்த அதே மின்சாரத்தில்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மழை என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

2.31க்குப் பம்பு நின்றது. சோறும் பருப்பும் ஒட்டிய கையோடு மொண்டு ஜன்னலில் தெரிந்தார், பிளக்கைத் தூக்கிக் காட்டினார். மட்கார்டை நான் முதலில் தொட்டுப் பார்த்தேன். பிறகு அவளைத் தூக்கி இறக்கினேன்.

ரத்னா அம்மாளின் வீட்டில்தான் மீதி மருந்தைப் போட்டோம். அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது. எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேன் என்று தெரியவில்லை. "ஹாத்டா தோ ஆச்சே" என்றார், கை இருக்கிறதே என்று. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் வடிந்து, 4.10க்கு வீடு. வீட்டுக் கதவைத் திறக்கும்போது செல்வி கேட்டாள்:

"கப்பலுக்கு எல்லாம் இப்படித்தான் குடுத்தியளா?"

"லாஞ்சு தண்ணிக்குள்ள நிக்கும்லா, அதனால..."

"நான் தரையிலல்லா நிக்கேன்."

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கேபிளில் மூன்று கம்பி இருக்கட்டும். வண்டியின் வெளிப்பக்கம் இழுத்தால் கழன்றுவரும் சாக்கெட் போடுங்கள். அந்த நீல சாக்கெட்டை ஸ்வபனிடமே போய்க் கேட்டுப் போட்டுக்கொண்டேன், அவர் குத்திக்காட்டாமல் மாட்டினார். கேபிள் தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம். கசிவு தெரிந்தால் உடனே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கட்டாயம், எனக்கு 1,400 ரூபாய் ஆனது. கேபிளின் கரைப்பக்க முனையில், பிளக்கை ஒட்டி வையுங்கள், அப்போதுதான் கேபிளும் காவலுக்குள் வரும். அடுத்தவர் வீட்டு எர்த்தை நம்பாமல், மூன்றடி இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் அடித்து வண்டியின் உடலோடு இணையுங்கள். பிளக் இருக்கும் அறையின் சாவி உங்களிடம் இருக்க வேண்டும், அல்லது சாவி வைத்திருப்பவர் உங்கள் கண்ணெதிரில் இருக்க வேண்டும். மூச்சுக்கான கருவியை மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள், எடையைப் பார்க்காதீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் கேபிளே வேண்டாம். முக்கியமாக, உங்கள் தொழிலில் பழகியதை வண்டிக்குக் கொண்டுவரும்போது, தொழில் தெரியாத ஒருவரிடம் காட்டி அவர் கேட்பதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

அதன் பிறகு நாங்கள் பக்காலிக்கும் போனோம், மந்தார்மணிக்கும் போனோம். கடலைப் பார்த்தபடி செல்வி தன் மெத்தையில் தூங்கினாள். ஆனால் மின்சாரம் இணைக்கும்போது அவளை வண்டிக்குள் இருக்க விடுவதில்லை. பத்தடி தள்ளி நிற்பாள். எல்லாவற்றையும் சோதித்த பிறகு நான் வெறுங்காலோடு ஏறுவேன், இறங்குவேன், கதவைப் பிடித்தபடி ஈர மணலில் ஒரு கால் வைத்து நிற்பேன். பைத்தியக்காரத்தனம், நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். வேண்டாமென்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். நான் நின்று காட்டிய பிறகுதான் அவள் ஏறலாம்.