மஞ்சள் பூசிய கை

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறேன். அங்கே பெண்பிள்ளைகள் குஸ்தி பழகுகிற கூடம் ஒன்று இருக்கிறது. தரையில் விரித்திருக்கும் மெத்தையைத் துடைப்பது என் பொறுப்பு. மற்ற இடமெல்லாம் எப்படிப் போனாலும் அந்த மெத்தையில் ஒரு தூசு இருக்க விடமாட்டேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

போன மாசியில் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி என்னிடம் வந்து கழுத்தைக் காட்டினாள். வட்டமாகப் படர்தாமரை. மானாம்பதியிலிருந்து சைக்கிளில் வருகிறவள். அப்பா அம்மா கழனி வேலைக்குப் போகிறவர்கள். மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. எடை பார்க்கும்போதே அங்கே தோலையும் பார்ப்பார்கள். படை இருந்தால் மெத்தையில் ஏற முடியாது.

“சார் கிட்ட சொல்லாத ஆயா. என்னை நிறுத்திடுவாரு” என்று அழுதாள்.

மனசு கேட்கவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து எடுத்துவந்து தினமும் தடவினேன். மற்றப் பெண்கள் சும்மா இருப்பார்களா?

“இன்னா ஆயா, அவளுக்கு மட்டும் நலங்கு வெக்கிற? எங்களுக்கும் பூசு.”

“வாங்கடி, எல்லாரும் கல்யாணப் பொண்ணுங்கதான!”

அதே கிண்ணம், அதே கை. எல்லோர் கழுத்திலும் பூசிவிட்டேன். காய்ந்ததும் துடைத்துவிட என் முந்தானை ஒன்றுதான்.

இரண்டு வாரத்தில் நான்கு பேருக்கு வந்துவிட்டது. பயிற்சி தருகிற சார் என்மேல் பாய்ந்தார்.

“மெத்தைய இன்னா லட்சணத்துல துடைக்கிற?”

“என் மெத்தைல சோறு போட்டுத் துன்லாம் சார்!” என்றேன். அதை டாக்டர் வாயாலேயே சொல்லவைக்க, பிள்ளைகளோடு நானும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா கழுத்துகளைப் பார்த்தார். “மஞ்சள் யாரு பூசுனது?”

“நான்தாம்மா.”

“படை இருக்கிறவள தொட்ட கையாலயே மத்தவங்களுக்குமா?”

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

மருந்து எழுதினார். படை மறைந்தாலும் பாதியில் நிறுத்தக்கூடாது, ஆளுக்கு ஒரு துண்டு, பயிற்சி முடிந்ததும் குளியல், ஆறும்வரை யாரோடும் குஸ்தி பழகக்கூடாது என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்து, “வந்த அன்னிக்கே காட்டியிருந்தா இந்நேரம் ஆறியிருக்கும்” என்றார். அவள் தலை குனிந்துகொண்டாள். மறைத்துவைத்தது அவள் மட்டுமா?

சாயங்காலம் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவிடம் என் தப்பை நானே சொன்னேன். “நல்லதுன்னு நெனச்சிதான பண்ண, வுடு ஆயா” என்றாள் அந்த அம்மா. பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போட்டி நாளன்று படை வராதவர்கள் மட்டும் வேனில் கிளம்பினார்கள். இவள் கூடத்து வாசலில் சைக்கிளோடு நின்றாள். நான் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்றே கேட்டேன்.

“மருந்து போட்டியாடி?”

“போட்டேன். நானே போட்டுக்கினேன். உன்கிட்ட குடுத்தா ஊருக்கே பூசிட்டு வருவ” என்றாள்.


சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.