அவருக்கும் ஒரு பிரதி போகும்

திருவான்மியூரில் தங்கை செல்வியின் வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. மீன்காரம்மா, தண்ணீர் கேன் போடுகிறவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்காமலே உள்ளே வருகிறார்கள். நான் போய்ப் போய்த் தாழ்ப்பாள் போடுகிறேன். “இன்னாத்துக்குக்கா சும்மா சும்மா பூட்டிக்கினே கீற? இங்க இன்னா பனியா கொட்டுது?” என்று செல்வி சிரிக்கிறாள். டொராண்டோவில் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். என் கணவர் அங்கே சிறையில் இருக்கிறார். என்னை அடித்ததற்காக. கடைசியாக அடித்ததில் என் இடது காது கேட்காமல் போய்விட்டது.

லீவில் இங்கே வந்திருக்கும்போதுதான் கனடா பரோல் போர்டிலிருந்து ஃபோன் வந்தது. பாதிக்கப்பட்டவள் என்று நான் முன்பே பெயர் பதிந்திருந்ததால் கூப்பிட்டார்களாம். பேசியது ஒரு வெள்ளைக்காரப் பெண், மொழிபெயர்த்தது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. என் கணவரைப் பரோலில் முன்கூட்டியே விடுவது பற்றி விசாரிக்கப் போகிறார்கள், நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டார்கள்.

“நான் வேணாம்னா வுடமாட்டாங்களா?”

“இல்லை அக்கா, முடிவு அவையின்ர கையில. உங்களுக்கு நடந்ததையும், இப்ப இருக்கிற பயத்தையும் எழுதலாம். அவர் உங்களிட்ட வரக்கூடாது எண்டு நிபந்தனையும் கேக்கலாம்.”

செல்விக்குப் புரியவில்லை. “பரோலுன்னா எழவு, கல்யாணம்னு நாலு நாள் வந்துட்டுப் போறதுதானே? வுடுக்கா, பாவம்.”

“அங்க அப்டி இல்லடி. வெளியவே இருக்கலாம்.”

நாங்கள் முன்பு அடையாற்றின் கரையில் குடியிருந்தோம். எதிர்வீட்டு அக்காவின் புருஷனும் அவளை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனவன்தான். அவன் திரும்பி வந்தது, வாசலில் நிழல் விழுந்த பிறகுதான் சோறு வடித்துக்கொண்டிருந்த அவளுக்குத் தெரிந்தது. அவளை யாரும் எதுவும் கேட்டதாக நினைவில்லை. என்னைக் கேட்கிறார்கள். அது பெருமையாக இல்லை. இப்படிச் சொல்ல வழி இருப்பது தெரியாத பெண்கள் வெளிநாட்டில் இருப்பார்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்ததும் மயிலாப்பூர் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அனுப்புநர், பெறுநர் இல்லாத கடிதத்தைத் தமிழ் டீச்சர் திருத்தவே மாட்டார். அதே பழக்கத்தில் மேலே என் பெயர், செல்வி வீட்டுக் கதவு எண், தெரு எல்லாம் எழுதினேன். பிறகு காதைப் பற்றி எழுதினேன். படியில் காலடி கேட்டால் உடம்பு இறுகிப்போவதை எழுதினேன். அவர் என் தெருப்பக்கம் வரக்கூடாது என்று கேட்டேன். செல்வி அதைப் படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஃபோட்டோ எடுத்து அனுப்பிய மறுநாள் மாலை யாழ்ப்பாணத்து அம்மாவின் குரல். “அக்கா, அவருக்கும் ஒரு பிரதி போகும். விலாசத்தை நீக்கிப்போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லினம்.”

அவருடைய அண்ணன் சாந்தோமில்தான் இருக்கிறார். செல்வி ஆற்றங்கரையிலிருந்து இங்கே மாறி வந்தது அவர்களுக்குத் தெரியாது. நானே வழி காட்டியிருப்பேன்.

“அப்போ கனடா அட்ரஸப் போட்டுடு” என்றாள் செல்வி.

“அதையும் போடக்கூடாதுடி. அவரு உள்ள போனப்புறம் மாறின வூடு அது.”

“அப்போ நீ எந்த ஊருன்னுதான் போடுவ?”

மறுபடி எழுதினேன். அனுப்புநர் என்பதற்குக் கீழே என் பெயர் மட்டும். ஊர் எழுத வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. செல்வி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சற்று நேரத்தில் மீன்காரம்மா வந்து, வழக்கமில்லாமல் கதவைத் தட்டினாள்.

“யம்மா, வூட்ல கீறீங்களா இல்லியா?”