தண்ணீர் தெளிக்கும் கை

தெருவில் எல்லோருக்கும் அவர் இஸ்திரி அக்கா. வீட்டின் முன்னறைதான் கடை. கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து, சட்டைமேல் ஒரு உதறு உதறி, பெட்டியை இழுத்தால் சுருக்கம் போன இடம் தெரியாது. அந்தக் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

செடி கொடியெல்லாம் அக்காவின் வீட்டுக்காரர் பாடு. பஸ் ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பால்கனித் தக்காளியோடுதான் குடித்தனம் நடத்தினார். நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து வைப்பார். அந்த ருசி எந்தக் கடையிலும் கிடைக்காது. பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. இப்போது முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "ம்" என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அலமாரியில் கடைசிப் பொட்டலம் விதை கிடந்தது. பழைய விதை, இன்னும் தள்ளிப்போட்டால் முளைக்காது.

"நான் போடுறேங்க. எனக்கென்ன கையா இல்ல?" என்ற அக்கா, சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாதி விதையை மண் நிரப்பிய தட்டில் போட்டு இஸ்திரி மேசைக்கு மேலிருந்த பலகையில் வைத்தார். பெட்டிச் சூட்டில் அந்தப் பலகை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நினைத்ததைவிடச் சீக்கிரமே முளைத்துவிட்டது. ஊதினால் பறக்கும் விதை, மண்ணைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு நின்றது. இந்தத் தெம்பு அதற்கு எங்கிருந்து வந்தது? துவைத்த துணிகள் மலையாகக் காத்திருக்க, அக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சட்டைக்குத் தெளித்த கை, போகிறபோக்கில் நாற்றுக்கும் ஒரு உதறு உதறும். அப்போதெல்லாம் வீட்டுக்காரர் "ம்! ம்!" என்று கிண்ணத்தைக் காட்டுவார். பாவம், தாகம் போலிருக்கிறது என்று அக்கா டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுப்பார். அவரும் மடமடவென்று குடித்துவிடுவார்.

பலகையில் வெயில் படாததால் நாற்றுகள் வெளுத்து, நூல் மாதிரி நெடுநெடுவென்று நீண்டன. ஒருநாள் காலையில் பார்த்தால் எல்லாம் சாய்ந்து கிடந்தன. மண்ணை ஒட்டித் தண்டு அழுகி, யாரோ கழுத்தை நெரித்தது போல் இருந்தது.

மகள் ஃபோனில், "விடும்மா, நாத்தா வாங்கி வச்சுக்கலாம்" என்றாள்.

"உங்கப்பாவைக் கடையில வாங்க முடியுமாடி?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு வைத்தார் அக்கா.

மிச்சமிருந்த விதையைப் புது மண்ணில் போட்டார். இதுவும் போனால் அவ்வளவுதான். கை தன் பாட்டுக்குக் கிண்ணத்துக்குப் போனது.

"ம்! ம்!"

"இருங்க, கொண்டாரேன்." டம்ளரை நீட்டினார். அவர் வாங்கவில்லை. இடது கையால் டம்ளரைத் தள்ளினார். தட்டைக் காட்டினார். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி ஊத்தாதன்னா சொன்னீங்க? இத்தன நாளும் அதையா சொன்னீங்க? அப்புறம் எதுக்குங்க குடிச்சீங்க, அத்தனை டம்ளரையும்?"

அவர் அக்காவின் கையைக் காட்டினார். நீ கொடுத்தாய், குடித்தேன் என்பதுபோல் ஒற்றைத் தோளை உயர்த்தினார். கோணிப்போன வாயோடு சிரித்தார். பக்கவாதம் வந்தபிறகு அவர் சிரித்தது அன்றுதான். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன.

அதன்பிறகு தட்டு அவர் பொறுப்பில். முளை விட்டதும் ஜன்னலுக்கு மாற்றச் சொல்லி விரல் நீட்டினார். மண்ணைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தலையசைப்பார். அக்கா அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் விடுவார். வெளிச்சத்துப் பக்கம் சாயும் நாற்றுகளுக்காகத் தட்டைத் திருப்பி வைப்பார். அவர் இடது உள்ளங்கையால் அவற்றின் தலையை மெல்லத் தடவிக் கொடுப்பார். தண்டுகள் குட்டையாக, தடியாக, கரும்பச்சையாக நிமிர்ந்தன.

கடைசியாக முளைத்த ஒன்று, விதைத்தோலைத் தொப்பி போலத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, தொப்பி கழன்று விழுந்தது. இரண்டு இலைகள் விரிந்தன.

பூரிப்பில் அக்கா டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"ம்."

அக்கா திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், தானே குடித்தார்.