கியோட்டோவில் ஐந்தாம் நாள் விரதம்

தியாகலிங்கத்துக்கு வாய் இருக்கிறதா என்று எங்கள் ஆட்களுக்குள் ஒரு பகிடி உண்டு. நியூசிலாந்தில், கிவிப்பழம் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில் குளிரறைகளுக்கு அவர் பொறுப்பு. அதே கம்பனியின் கப்பல் பகுதியில் நான் கிளார்க். கிளென் ஈடனிலிருந்து வரும் நான், ஹில்ஸ்பரோவில் அவரை ஏற்றிக்கொண்டு போவேன். இருபது நிமிட ஓட்டத்தில் பத்தொன்பது நிமிடம் நான்தான் கதைப்பேன். மிச்ச ஒரு நிமிடத்துக்கு அவர் "ஓம், ஓம்" என்பார். நல்ல மனுசன் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். நல்ல மனுசன் என்றால் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பவன் என்றுதான் முக்கால்வாசி நேரம் அர்த்தம்.

அவர் மனைவி ரதிதேவி இணுவில் பக்கம். மீன், முட்டை எதுவும் வாசல்படி தாண்டாத வீட்டில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு தியாகலிங்கமும் சைவமாகிவிட்டார். அதற்கு முன்னர் கொழும்பில் ஏழு வருடம் போடிங்கில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு வேலை பார்த்தவர். அங்கே என்னென்ன தின்றார் என்று ரதிதேவி ஒருநாளும் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை.

1985 சித்திரையில் ரதிதேவியின் ஒரே தம்பி சோதிலிங்கத்தைக் கொழும்பு றெயினிலிருந்து ஆமி இறக்கிக்கொண்டு போனது. இருபத்தொரு வயது. அவன் அந்த றெயினில் ஏறியதே அக்கா அனுப்பிய நியூசிலாந்து விசாப் பேப்பர்களைக் கொழும்பில் கொடுப்பதற்குத்தான். பூசா தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதினோம். செஞ்சிலுவைக்கு எழுதினோம். எல்லா இடத்திலிருந்தும் அழகான கடதாசியில், மரியாதையான ஆங்கிலத்தில் பதில் வந்தது. அக்கறையோடு கவனிக்கிறார்களாம். அந்தக் கடிதங்களை வாசித்துக் காட்டுவது என் வேலை. வாசித்து முடிக்கும்போது ரதிதேவி என் முகத்தைப் பார்ப்பார். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

ஐப்பசி பிறந்ததும் ரதிதேவி சொன்னார், இந்த முறை கந்தசட்டி விரதம் ஆறு நாளும் பிசகில்லாமல் பிடிக்கிறேன், தம்பி வெளியே வரவேண்டும் என்று. எனக்குக் கடவுள் விசயத்தில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எம்.பி. கைவிட்ட பிறகு முருகனைத் தவிர யாரிடம் போவது?

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பனி தியாகலிங்கத்தை ஒசாக்காவுக்கு அனுப்பியது. அனுப்பிய பழம் எந்த நிலையில் போய்ச் சேருகிறது என்று நேரில் பார்க்க வேண்டும். வாங்குகிற முதலாளி ஒகுனோ, மனைவியையும் கூட்டிவரச் சொல்லி டிக்கெட்டும் போட்டிருந்தார். ரதிதேவி முடியாது என்றார். ஆனால் தனியே விட்டுப் போனால் பத்து நாளும் ரெலிபோனுக்குப் பக்கத்தில் சாப்பிடாமல் இருப்பார் என்று தியாகலிங்கத்துக்குப் பயம். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னது மூன்று மாதம் கழித்து, மாசி மாதத்தில். காரில் ஏறினவர் ஒனிஹங்கா தாண்டியதும் கதைக்கத் தொடங்கினார். எனக்கு முதலில் பயமாகவே இருந்தது, இந்த மனுசனுக்கு என்ன வந்தது என்று.

ஒசாக்காவில் முதல் நாலு நாளும் ரதிதேவி பாலும் வாழைப்பழமும்தான். எந்தச் சமையலறையையும் அவர் நம்பவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒகுனோ இருவரையும் கியோட்டோ காட்டக் கூட்டிப் போனார். இலையுதிர் காலம் உச்சத்தில் இருந்தது. கோயில் மதில்களுக்கு மேலால் மேப்பிள் மரங்கள் குங்குமத்தை அள்ளிக் கொட்டியது மாதிரி நின்றன. ஊரே அங்கேதான் நின்றது. கிழவன் கிழவிகள், கையில் கமெராவோடு இளசுகள், கிமோனோ உடுத்திய பெண்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். ஒரு மலைக்கோயிலின் படிக்கட்டில் பாதி ஏறும்போது ரதிதேவி சரிந்து உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"ஒரு நேரம் சைவமாச் சாப்பிட்டும் சட்டி பிடிக்கிறவைதானே? இண்டைக்கு ஒரு வாய் சாப்பிடும், ரதி," என்று தியாகலிங்கம்தான் வற்புறுத்தினார்.

ஒகுனோவிடம் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் நேரே சரி போட்டுவிட்டுச் சிரித்தார். கோயிலடியில் ஒரு சோயாக்கட்டிச் சாப்பாட்டுக்கடை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் இருந்தார்கள். சோறு, மண்சட்டியில் வெள்ளைச் சோயாக்கட்டி, கீரை, ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் தெளிந்த ரசம். கிண்ணத்துக்குள் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. ஒரு காளான் துண்டும் இரண்டு கீரை இலையும் மட்டும் மிதந்தன.

தியாகலிங்கம் ஒரு வாய் குடித்தார். மாசி.

மாசிக்கருவாடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூரை மீனை அவித்து, புகை போட்டு, விறகுக்கட்டை மாதிரிக் காயவைப்பது. மாலைதீவிலிருந்து கொழும்புக்கு வரும். இடித்துச் சம்பலில் போடுவார்கள். போடிங்கில் ஏழு வருடம் தினமும் காலையில் தியாகலிங்கம் தின்ற சம்பல் அது. ஜப்பான்காரனும் அதே மாதிரி ஒன்றைச் சீவிப்போட்டுத் தண்ணீர் இறக்கி, அதில்தான் ரசம் வைக்கிறான். அவனுக்கு அது மீன் கணக்கில்லை, நமக்கு உப்பு மாதிரி. ஒகுனோவில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரிலும் அது மீன் என்று கண்டவர் தியாகலிங்கம் ஒருவர்தான்.

நிமிர்ந்து பார்த்தபோது ரதிதேவி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்ததிலிருந்து மாசியைக் கண்ணாலும் கண்டதில்லை.

"இஞ்சருங்கோ, என்ன ருசி இது!" என்றார். "உடம்பெல்லாம் சூடு பரவுது. முருகன்தான் இந்தக் கோயிலடியில கொண்டுவந்து எனக்குச் சாப்பாடு தாறான்."

ஏழு மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாக அந்த முகத்தில் இரத்தம் ஓடியதாம். இன்னொரு கிண்ணம் கேட்டார். வெளியே மரங்களைக் காட்டி, "எவ்வளவு வடிவு, பாருங்கோ," என்றார். தம்பி வந்ததும் அவனையும் இங்கே ஒருக்கால் கூட்டிவர வேண்டும் என்றார்.

"வாயைத் திறந்தனான், சற்குணம்," என்றார் தியாகலிங்கம். "சத்தியமாத் திறந்தனான். சொல்ல ஏலாமப் போச்சு. சொன்னா அந்த இடத்திலேயே செத்திருப்பா. ரெண்டாவது கிண்ணம் வந்தது. அதையும் பாத்துக்கொண்டிருந்தன்."

காரை நான் ஓரத்தில் நிறுத்திவிட்டேன். சிரிப்பதா, அழுவதா, திட்டுவதா என்று தெரியவில்லை. "அதுக்கென்ன ஐசே, தெரியாமக் குடிச்சதுதானே? அதை மறந்துபோடும்," என்றேன்.

"மறக்கலாம். ஆனா அவ இப்ப சாப்பிடுறேல்ல."

சோதிலிங்கம் வரவில்லை. மார்கழி போனது, தை போனது, ஒரு செய்தியும் இல்லை. ரதிதேவி விரதத்தில் எங்கே பிழை விட்டேன் என்று தேடத் தொடங்கியிருக்கிறார். முதல் நாள் விளக்கு ஒருக்கால் அணைந்தது, அதுவா? ஹோட்டலில் தலை முழுகாமல் கும்பிட்டேனே, அதுவா? ஒவ்வொரு இரவும் ஆறு நாளையும் முதலிலிருந்து எடுத்து அலசுவார். பக்கத்தில் விடை தெரிந்த மனுசன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். கடைசியில் ரதிதேவியே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். கியோட்டோவில் அந்த அரைமணித்தியாலம் தம்பி பூசாவில் கிடக்கிறான் என்பதை மறந்து, ருசித்துச் சாப்பிட்டேன், மரம் பார்த்துச் சந்தோசப்பட்டேன். அதனால்தான் முருகன் கையை விட்டுவிட்டான் என்று. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உப்பில்லாமல் இரண்டு பிடி, அதுவும் தண்ணீரில் கரைத்து. சட்டை தோளில் நிற்காமல் நழுவுகிறது.

"என்ன செய்யிறது, சற்குணம்? நீர் சொல்லும்."

உலகத்து விசயம் எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருக்கும் ஆள் நான். அன்றைக்கு வேலைக்கு வேறு பிந்திக்கொண்டிருந்தது. "உண்மையைச் சொல்லிப்போடும்! சந்தோசப்பட்டது பிழையில்லை எண்டாவது அவவுக்கு விளங்கும். இவ்வளவு நாளும் வாயை மூடினது காணும்," என்று எரிந்து விழுந்தேன். பெரிய நியாயவான் மாதிரிச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

சொல்லிவிட்டார், அன்றிரவே. ரதிதேவி அழவில்லையாம். எழும்பிப் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்து, ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்.

"முதல் வாயிலேயே தெரியுமோ?"

"ஓம்."

"நான் குடிக்க முந்தி?"

"ஓம். உமக்கு முந்தி நான் குடிச்சனான்."

அடுத்த நாள் காலையில் ரதிதேவி இரண்டு தோசை சாப்பிட்டார். மத்தியானம் சோறு. ஒரு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது. அறியாமல் குடித்தவளில் பிழை இல்லை, அறிந்து பார்த்துக்கொண்டிருந்தவனில்தான் பிழை என்று அவர் மனதில் தீர்ந்துவிட்டது. தியாகலிங்கத்தோடு சண்டை பிடிக்கவில்லை. வேளைக்குச் சமைத்து மேசையில் வைப்பார். கதைப்பது மட்டும் நின்றுபோனது. நான் போனால் என்னோடு கதைப்பார். "அவரிட்டக் கேளுங்கோ" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். அவர் அங்கேயே இருப்பார்.

"சாப்பிடுறாதானே," என்றார் தியாகலிங்கம் காரில். "அது காணும்."

இன்னும் ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று. 1987 ஆடியில் சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டு, பூசாவிலிருந்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக விட்டார்கள். சோதிலிங்கமும் வந்தான். கொழும்பில் தெரிந்தவர் வீட்டிலிருந்து ரெலிபோன் எடுக்கிறான் என்றதும் நான் ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு ஹில்ஸ்பரோவுக்கு ஓடினேன். எல்லாம் முடிந்தது, இனி இந்த இரண்டு பேரும் சிரிப்பார்கள் என்று பேயன் மாதிரி நம்பிக்கொண்டு போனேன்.

ரதிதேவி றிசீவரைப் பிடித்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார். பிறகு குரல் மாறியது. "என்னடா, கேக்கேல்லையோ? ... எந்தக் காது? ... ஆர் அடிச்சது?" கடைசியாக, "எப்பயடா?" என்று கேட்டார்.

றிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். தம்பிக்கு இடது காது போய்விட்டது. விசாரணையில் ஒரே அடி. நடந்தது போன வருடம் ஆவணியில். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு புருசனை நேருக்கு நேர் பார்த்து அவர் சொன்ன முதல் சொல் இதுதான்.

"போன வருசம் ஆவணியில. சட்டி முடிஞ்சு ஒன்பது மாசத்தால."

எனக்குப் பொறுக்கவில்லை. "ரதி, கவுண்மேந்து ஒரு கிண்ணம் ரசத்துக்காக ஆளை உள்ள வச்சிருக்குமே? உங்களுக்கு விசரோ?" என்று கத்தினேன்.

"நீங்கள் நம்பாத ஆள், சற்குணம் அண்ணை. உங்களுக்கு லேசு," என்றார் ரதிதேவி. "அண்டைக்கு இவர் என்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டியிருந்தா, அவன் அந்த மார்கழியே வந்திருப்பான். முழுக் காதோட வந்திருப்பான்."

ரசத்துக்கும் ஆமிக்காரனின் கைக்கும் சம்பந்தமில்லை என்று தியாகலிங்கத்துக்குத் தெரியும். படித்த மனுசன். அதை நானே நூறு தரம் காரில் சொல்லியிருக்கிறேன். "ஓம், ஓம்" என்பார். கேட்பதற்கு, இல்லை என்று சொல்வது போலவே இருக்கும்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரதிதேவி தம்பிக்கு எடுக்கிறார். அவன் பழக்கதோசத்தில் இடது காதில்தான் றிசீவரை வைப்பான் போல. "மற்றக் காதில வையடா! மற்றக் காதில!" என்று அவர் போடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். தியாகலிங்கம் அந்த நேரம் பக்கத்துக் கதிரையை விட்டு அசையமாட்டார். தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்பார். போன மாதம் நானும் அங்கே இருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

"எழும்பி வெளியால வாரும் ஐசே, ஒருக்கா நடந்திட்டு வருவம்," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க போறது?" என்றார்.