தகரக் கூரைக்குக் கீழே மகளைக் கூப்பிட்டேன்

புயல் எச்சரிக்கை வந்தால் விடுதியில் இருக்கும் பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை நான் கிளம்பினேன். மகள் கயல் நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "நீங்க போயி காத்தை நிறுத்தப் போறீங்களா?" என்றாள் மனைவி. காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டினேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.15க்கு ஏறி, 240 கிலோமீட்டர் கடந்து, வடசேரியில் இறங்கியபோது 10.40. ஆரல்வாய்மொழி தாண்டியதிலிருந்தே பேருந்து பக்கவாட்டில் ஆடியது. நான் முன்னிருக்கைக் கம்பியை விடவே இல்லை. அங்கிருந்து கல்லூரி 17 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 400 ரூபாய். வழியில் ஓட்டுநர் ரப்பர் தோட்டத்தைக் காட்டினார். "கொண்டு விடுதேன் சார். திரும்பி வாறதுக்கு நிக்க மாட்டேன், கேட்டியளா? இந்த மரம் லேசான காத்துக்கே ஒடிஞ்சு விழும்."

அப்படியானால் கயலை எப்படிக் கூட்டிப்போவது?

11.40க்குச் சேர்ந்தேன். காவலாளி தகரக் கூரை போட்ட கலையரங்கத்தைத் திறந்துவிட்டிருந்தார். வெள்ளம் வந்தால் இங்கே அதுதான் வழக்கம். அரங்கம் மேட்டில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கும் அங்கேதான் கஞ்சி காய்ச்சுவார்களாம். மாணவிகள் பாயும் வாளியுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

ஆனால் கூரை நீண்டிருந்த வாசலை ஒருத்தி மறித்து நின்றாள். கயலின் அறைத்தோழி ஜெனிபா, கடியப்பட்டணத்து மீனவர் வீட்டுப் பெண். பக்கத்தில் கயல்.

"உள்ள போவப்பிடாது டீச்சர்," என்று விடுதிக் காப்பாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணி வந்தாத்தான் மேட்டுக்கு வரணும். இது காத்து. மொதல்ல தகரத்தைத்தான் பிய்க்கும். விடுதியில கீழ நடுவராந்தாவுக்குப் போவோம். அங்க ஜன்னலே கிடையாது."

"ஏட்டி, எப்பவும் இங்கதானே இருப்போம்?" என்றார் காப்பாளர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அரங்குக்குள் நுழைந்து நின்று, "கயல், உள்ளே வா!" என்று மூன்று முறை கத்தினேன்.

"அவ சொல்றதுதான் சரிப்பா. நீங்களும் எங்ககூட வாங்க."

"ஆறு மணி நேரமா வந்திருக்கேன். அப்பா சொல்றதைக் கேக்க மாட்டியா?"

பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும். கயல் அழுதாள், நகரவில்லை. அப்போது அரங்கின் மூலையில் ஒரு தகடு படபடவென்று அடித்து மேலே எழும்பியது. காப்பாளர் அண்ணாந்து பார்த்தார். "மக்கா, வராந்தாவுக்கு ஓடுங்க!"

ஓடினோம். உட்சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தலைக்கு மேல் மெத்தையைப் பிடித்துக்கொண்டோம். நாற்பது நிமிடம். கைபேசியில் சிக்னல் இல்லை. வெளியே எதுவோ விழும் ஒவ்வொரு முறையும் கயலின் கையை இறுக்கினேன். "வலிக்குதுப்பா" என்று அவள் சொன்ன பிறகும் விட முடியவில்லை.

யாருக்கும் அடிபடவில்லை. அரங்கக் கூரையில் பாதி இல்லை. மறுநாள் விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்ட பிறகு, காலை ஒன்பதரைக்குத்தான் கிளம்ப முடிந்தது.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். எச்சரிக்கை வந்த பிறகு கிளம்பாதீர்கள். சேர்க்கை நாளிலேயே, காற்றடித்தால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேளுங்கள். காங்கிரீட் கூரை, கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத உட்சுவர். தகரக் கூரை என்றால் அப்போதே சண்டை போடுங்கள்.

ஜெனிபாவுக்கு நன்றி சொன்னேன். மனைவியிடம் மட்டும் இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. நான் போகாமல் இருந்திருந்தால், என்னோடு வாதாடிய அந்த ஐந்து நிமிடமும் கயல் அந்தக் கூரைக்குக் கீழே நின்றிருக்க மாட்டாள்.