அவள் தவறாக உட்காரவில்லை

என் நாயின் கோப்பில் கடைசிப் பக்கத்தில், "தவறாக உட்காருகிறது. இனி பணிக்குத் தகுதியில்லை" என்று எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்து. பதினெட்டு வருடம் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்தவன் நான். அந்தக் கையெழுத்தைப் போடும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். கோப்பைத் திருத்த இனி வழியில்லை. இதைச் சுமந்துகொண்டு திரிந்து அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

உட்காருவது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். திருடனைத் தேடும் நாய் குரைக்கலாம், பாயலாம். வெடிகுண்டு தேடும் நாய்க்கு அந்தச் சுதந்திரமெல்லாம் கிடையாது. சந்தேகமான பொருளைக் கண்டால் குரைக்கக் கூடாது, காலால் பறண்டக் கூடாது. சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்க்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் பரிசு உண்டு. என் நாய்க்குப் பரிசு ஒரு பச்சை டென்னிஸ் பந்து, எப்போதும் என் கால்சட்டைப் பையில் இருக்கும். தவறாக உட்கார்ந்தால் பந்து இல்லை, வாரைப் பிடித்து இழுத்து நகர்த்திவிடுவோம்.

கறுப்பு லேப்ரடார். குட்டியாக என்னிடம் வந்தபோது சரியான வாயாடி. காகம், பால்காரர், காயப்போட்ட சட்டை, எதைப் பார்த்தாலும் ஒரு கச்சேரி வைப்பாள். அந்தக் குரைப்பை நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமிருந்து எடுத்தேன். ஆறு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து சத்தமே வந்ததில்லை. மற்றவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் வீடு ஆரணியை ஒட்டிய சேவூரில், வேலை மாவட்டத் தலைநகரில். அந்தச் சித்திரையில் ஆரணியில் ஒரு திறப்பு விழா. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், மண்டபத்தைச் சோதனை போட வேண்டும் என்று எங்களை அனுப்பினார்கள். மேடை, நாற்காலி, பூந்தொட்டி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அவள் முகர்ந்து முடித்தபோது காலை பத்து மணி. பெரிய மனிதர் பத்தரைக்கு வரவேண்டியவர். பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. மாலையோடு நின்றவர்கள் வாடிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து போகும்வரை நாங்களும் கலையக் கூடாது. நாயை ஜீப்பில் ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியில் நாய் இருந்தால் நாயை வைத்திருப்பவனும் இருக்க வேண்டும். அது விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அதை வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அப்போது என் மனைவி போன் செய்தாள்.

"பொண்ணு பொடவய தறியிலேர்ந்து அறுத்துட்டாங்களாம். முந்தானி கலர் கொஞ்சம் வேற மாதிரி வந்துகீதாம். சாயங்காலம் வேற யாரோ வராங்களாம் அதப் பாக்க. ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துடுங்க."

ஆவணியில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். புடவையைப் பக்கத்து முள்ளிப்பட்டில் ஒரு வீட்டில் நெய்யச் சொல்லியிருந்தோம். இலாகாவில் பாதி அதிகாரிகளின் வீட்டம்மாக்களுக்கு நான்தான் ஆரணியில் பட்டுப் புடவை வழிகாட்டி. சொந்தப் பெண்ணுக்கு ஒரு புடவை பார்க்க மட்டும் எனக்கு நேரம் கிடையாது. அந்த எரிச்சலில் யோசிக்காமல் முடிவெடுத்தேன். ஜீப்பை ஓட்டுகிறவர் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லாமல், நாயோடு வண்டியை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனேன்.

தறி வீட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் நிறுத்தினேன். அவளை உள்ளே கூட்டிப்போகலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தறியில் புதுப் பாவு நூல் ஏற்றியிருப்பார்கள், நாய் மயிர் பட்டில் ஒட்டினால் அவர்களுக்குச் சங்கடம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை. இன்ஜின் ஓடுகிறது, ஏசி இருக்கிறது, கண்ணாடி மூடியிருக்கிறது, ஐந்து நிமிடம்தானே. அந்த ஜீப் வெயிலில் ரொம்ப நேரம் நின்றபடி ஓடினால் தானாக அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். போன மாதம்தான் அப்படி நின்றது. அதுவும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, அல்லது வந்தும் நான் அதை ஒதுக்கினேன்.

உள்ளே இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, வெளியே ஒரு இன்ஜின் நின்றால் எங்கே கேட்கும்? நெசவாளி பாய் போட்டார். மோர் வந்தது. அரக்கு உடம்பு, மாம்பழ நிறக் கரை, முந்தானை மட்டும் சொன்னதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. விளக்கு வெளிச்சத்தில் பட்டு நிறம் பிடிபடாது. யாராக இருந்தாலும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் காட்டித்தான் பார்ப்பார்கள். நானும் முந்தானையைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

எதிரே ஜீப். பின் கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாயைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால், ஏன் இது இப்படி உற்றுப் பார்க்கிறது என்று கிட்டே போயிருப்பார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. சமத்து, சொன்னபடி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வேடிக்கையாக முந்தானையைத் தூக்கி அவளிடம் காட்டினேன். நிழல் நகர்ந்து வண்டியின் பின்பாதி வெயிலில் நிற்பதைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்திருப்பேன். உள்ளே திரும்பிப் போனேன். புடவையைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன், அவள் மகளுக்கு அனுப்பினாள், மகள் சரி சொன்னாள். இன்னும் ஒரு பத்து நிமிடம் போயிருக்கும்.

வெளியே வந்தபோது ஜீப் சத்தமில்லாமல் நின்றது. கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. அவள் இருக்கையிலிருந்து கீழே சரிந்து கிடந்தாள். நாக்கு கருத்திருந்தது, வாயோரம் நுரை. என்னைப் பார்த்ததும் முன்னங்காலை ஊன்றி மறுபடியும் உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாசலில் நான் பார்த்தது கீழ்ப்படிதல் இல்லை. ஆபத்து இங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அதைக் கற்றுக்கொடுத்தவன் நான். அவள் அதைத்தான் செய்தாள், நான் புடவையைக் காட்டிவிட்டுப் போய்விட்டேன்.

தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். தறிகள் நின்றன. நெசவாளியும் அவர் மனைவியும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வயிறு, தொடை, பாதம், காது என்று நனைத்தேன். யாரோ ஐஸ் வாங்கி வரட்டுமா என்றார்கள், வேண்டாம், சாதாரணத் தண்ணீர்தான் என்றேன். வகுப்பில் சொல்கிற பாடம் அத்தனையும் வரிசையாக ஞாபகம் வந்தது. மேசை மின்விசிறியை அவள் மேல் திருப்பி வைத்தார்கள்.

அந்த அம்மாவுக்குத்தான் மனசு ஆறவே இல்லை.

"என்னாங்க இது, ஒரு கொரலு குடுக்கக் கூடாதா? நான் வாசல்லதான நூலு சுத்திகினு இருந்தேன். கொரைச்சிருந்தா ஓடியாந்திருப்பனே. கொரைக்கவே தெரியாதாங்க இதுக்கு?"

"தெரியும்மா. நான்தான் மறக்கடிச்சேன்."

"உள்ள இட்டுகினு வந்திருக்கலாமே. நாங்க என்னா வேணான்னா சொல்லப் போறோம்?"

நான் அவள் காதை மறுபடியும் நனைத்தேன்.

கண்ணாடிகளை இறக்கி, ஜீப்பை மறுபடி கிளப்பி ஓட்டிப் போனேன். கால்நடை மருத்துவமனையில் டாக்டர் குளுகோஸ் ஏற்றினார். எவ்வளவு நேரம் வண்டியில் இருந்தது என்று கேட்டார். அஞ்சு நிமிஷம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. மேலதிகாரியிடம், "காலையில சோதனை போட்டதுல வெயில் ஒத்துக்கலைங்கய்யா, அதான் ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுத்துட்டேன்" என்று சொன்னேன். அவரும் நம்பினார். பெரிய மனிதர் மூன்று மணிக்கு வந்து, இருபது நிமிடத்தில் போய்விட்டாராம்.

அவள் பிழைத்தாள். மூன்று வாரம் கழித்துப் பணிக்கும் வந்தாள். ஆனால் முதல் நாளே கண்ணாடி மூடிய ஒரு ஜீப்பின் முன்னால் போய் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வண்டியைத் துழாவினோம், ஒன்றும் இல்லை. மறுநாள் ஒரு வேன். அதற்கடுத்து ஒரு கார். அவள் உட்கார்ந்தால் சும்மா விட முடியாது. ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும், கயிறு கட்ட வேண்டும். ஒருமுறை ஒரு பேருந்து நிலையத்தையே பாதி காலி செய்தார்கள். "என்னய்யா, உன் நாய்க்குப் பைத்தியமா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வாரைப் பிடித்து அவளை இழுத்தேன். பந்து கொடுக்கவில்லை.

ஆடியில் தகுதித் தேர்வு வைத்தார்கள். மைதானத்தில் ஐந்து வண்டிகள், ஒன்றில் மட்டும் வெடிமருந்து மறைத்து வைத்திருந்தார்கள். முதலாவதாக நின்றது எங்கள் ஜீப். அதில் ஒன்றும் இல்லை. அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். வெயில் பளீரென்று கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் பையைப் பார்த்தாள். அப்போதே நான் வாய் திறந்திருந்தால் ஒருவேளை அவளுக்கு மறுபயிற்சி கொடுத்திருப்பார்கள். என்னைப் பிரிவிலிருந்து தூக்கியிருப்பார்கள். மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. நான் பயந்துவிட்டேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை. அதிகாரி எழுதியதை வாசித்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஓய்வு கொடுத்த நாயை வைத்திருந்தவனே கேட்டால் தருவார்கள். கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நல்ல மனசு உங்களுக்கு என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நிற்பதைப்போல ஒரு தண்டனை கிடையாது. மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சின்னச் சின்னக் கோபத்தையெல்லாம் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று கோயிலுக்குப் போக வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. ஆவணி வெயிலும் சும்மா இல்லை. டிரைவர் கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிவிட்டுக் காபி குடிக்க உள்ளே வந்திருந்தார். மகள் அந்த அரக்குப் புடவையில் வெளியே வந்தாள். வீட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, எங்களுக்கு முன்னால் போய், காரின் பின்கதவை ஒட்டி உட்கார்ந்தது.

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "பாத்தியா, பொண்ண அனுப்ப மாட்டேன்னு மறியல் பண்ணுது!"

"அப்பா, பூசைக்கு நேரமாவுதுப்பா. அத இழுங்க" என்றாள் மகள்.

கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த என் நாய் சத்தமில்லாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் இழுக்க முடியவில்லை. டிரைவரிடம் சாவி வாங்கி நான்கு கதவுகளையும் திறந்தேன். உள்ளேயிருந்து அனல் வந்தது. அது தணியும்வரை எல்லாரையும் வெயிலில் நிற்க வைத்தேன். மனைவி திட்டினாள். நான் வீட்டுக்குள் போய், அலமாரியில் துணிக்கடியில் கிடந்த பச்சைப் பந்தை எடுத்துவந்து நாயின் முன்னால் நீட்டினேன்.

உடனே வாங்கவில்லை. இத்தனை நாள் கொடுக்காதவன் கொடுத்தால் யார்தான் நம்புவார்கள்? என் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு மெதுவாக வாயில் கவ்வினாள். பிறகு எழுந்து வழி விட்டாள். கல்யாண வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டு நான் அழுததைப் பார்த்து, பெண்ணை அனுப்புகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.