ஐந்து வருடமா, ஆறு வருடமா

நான் வக்கீலுக்குத்தான் படிக்கப் போகிறேன் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. என் வாய் அப்படி. டவுன் பஸ்ஸில் மீதிச் சில்லறைக்காகவும், ரேஷன் கடையில் வரிசைக்காகவும், பள்ளிக்கூடத்தில் அரை மார்க்குக்காகவும் நான் போட்ட சண்டைகளை வல்லத்திராக்கோட்டையே பார்த்திருக்கிறது. இவளுக்குச் சீக்கிரம் ஒரு கறுப்புக் கோட்டை மாட்டி கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டால் ஊர் நிம்மதியாக இருக்கும் என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. பிளஸ் டூ முடித்தபோது மிச்சமிருந்தது ஒரே கேள்விதான்.

பிளஸ் டூ முடித்த கையோடு சட்டக் கல்லூரியில் சேர்ந்தால் பட்டமும் சட்டமும் சேர்ந்து ஐந்தே வருடத்தில் முடிந்துவிடும். இல்லையென்றால் மற்றப் பிள்ளைகள் மாதிரி ஒரு கல்லூரியில் மூன்று வருடம் பி.ஏ. படித்துவிட்டு, அப்புறம் மூன்று வருடம் சட்டம் படிக்க வேண்டும். ஆக ஆறு. ஒரு வருடம்தானே வித்தியாசம் என்று யாருக்கும் தோன்றும். எங்கள் வீட்டில் அப்படி லேசாகச் சொல்லிவிட முடியாது. அப்பா குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது போனவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்துவிட்டுப் போவார். நான் கோட்டுப் போடுகிற அன்றைக்கு அவர் பெட்டியைக் கட்டிவிடுவார் என்பது எங்கள் வீட்டில் பேசி முடித்த விஷயம். ஆகவே நான் ஐந்து வருடத்தில் முடித்தால் அவர் ஐந்தாவது வருடம் வருவார், ஆறு என்றால் ஆறாவது வருடம்.

இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டோம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் அம்மாவும் நானும் போய் உட்கார்ந்தோம். மொபைல் நம்பர் என்று கேட்டதும் அம்மா யோசிக்காமல் அப்பாவின் இந்திய நம்பரைச் சொன்னாள். கேஸ், பேங்க், ஆதார், ரேஷன் கார்டு என்று எங்கள் வீட்டில் எல்லாக் காகிதத்திலும் அந்த நம்பர்தான். வீட்டுக்குத் தலைவர் அவர் என்றால் நம்பரும் அவருடையதுதானே என்பாள். நாங்கள் ரேஷனில் இரண்டு கிலோ சர்க்கரை வாங்கினால் மெசேஜ் குவைத்துக்குப் போகும். அப்பா அந்த சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் மட்டும் அதை ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு, இந்த மாதம் பருப்பு வாங்கவில்லையா என்று போன் பண்ணிக் கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் நம்பரைக் கொடுத்தால் என்ன என்று அங்கேயே அம்மாவிடம் சண்டை போட்டேன். அதற்குள் சென்டர்க்காரர் நம்பரை அடித்து முடித்துவிட்டார்.

சட்டக் கல்லூரி ரேங்க் லிஸ்ட் வந்தது. முதல் சுற்றில் எனக்கு இடம் இல்லை. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும்போது சும்மா இருக்க வேண்டாமே என்று புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். சும்மா போய்விட்டு வரலாம் என்றுதான் போனேன்.

போன முதல் நாளே எனக்குத் தலைகால் புரியவில்லை. யூனிஃபார்ம் கிடையாது. மணியடித்தால் வரிசையில் நிற்க வேண்டாம். பதினோரு மணிக்கு ஒரு வகுப்பு முடிந்தால் அடுத்தது பன்னிரண்டுக்கு. நடுவில் இருக்கிற ஒரு மணி நேரம் முழுக்க என்னுடையது! எனக்கு அதுவரை அப்படி ஒரு மணி நேரத்தை யாரும் கொடுத்ததில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். பேச விஷயமே தீராது. பக்கத்து இடம் கீரனூர்க்காரிக்கு. அவளுடைய அண்ணன்கள் எல்லாம் திருச்சிப் பக்கம் படிக்கப் போக, இவள் மட்டும் எதிர்ப் பக்கம் பஸ் ஏறி புதுக்கோட்டைக்கு வந்தவள். ஏன் என்று கேட்டால், அங்கிட்டுப் போனால் அண்ணன்கள் அதே பஸ்ஸில் இருப்பார்கள் என்றாள். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

மூன்றாம் வாரம் சீனியர்கள் வகுப்புக்கு வந்து பட்டிமன்றத்துக்கு ஆள் கேட்டார்கள். கீரனூர்க்காரி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். வீட்டுச் சாப்பாடா, ஹாஸ்டல் சாப்பாடா என்று தலைப்பு. ஹாஸ்டல் வாசலைக்கூட மிதிக்காத நான் ஹாஸ்டல் அணி. ஒரு வாரம் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் போய்ச் சாம்பாரின் தரம் முதல் சப்பாத்தியின் கனம் வரை விசாரித்துக் குறிப்பு எடுத்தேன். தினமும் சாயங்காலம் அப்பா கூப்பிடும்போது ஒன்று விடாமல் சொல்வேன். அவர் அங்கே சிரிப்பது இங்கே அம்மாவுக்குக் கேட்கும். பத்தாவதோடு நின்றவர் அவர். அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

பட்டிமன்றம் ஒரு திங்கட்கிழமை நடந்தது. நான் பேசி முடித்தபோது ஹால் முழுக்கக் கைதட்டல். ஹாஸ்டல் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது என் கால் தரையில் பாவவில்லை. இந்த மூன்று வருடத்தை உலகத்தில் யாருக்கும் விட்டுக் கொடுக்கப் போவதில்லை என்று அந்த நிமிடம் முடிவு பண்ணினேன். ஆறு வருடம் ஆனால் ஆகட்டும்.

அந்தச் சந்தோஷத்தோடு மரத்தடியில் உட்கார்ந்து, சும்மா ஒரு எட்டுப் பார்ப்போமே என்று போனில் சட்டக் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தேன். அடுத்த சுற்று அன்று காலையிலேயே வந்திருந்தது. என் பதிவு எண்ணைப் போட்டேன். திருச்சியில் இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும், பதிவு செய்த மொபைல் நம்பருக்கு ஓ.டி.பி. வரும் என்று கீழே எழுதியிருந்தது.

எனக்குப் பகீரென்றது. ஆனால் முழுப் பயமும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூடவே ஒரு குதியாட்டமும் இருந்தது. நான் வக்கீல்! திருச்சியில்! அந்தக் குதியாட்டத்துக்கு ஒரு சத்தம் போட வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன். எனக்கு ஒரு கணக்கு ஓடியது. இடம் கிடைத்த மெசேஜ் அப்பாவின் பட்டன் போனுக்குத்தான் போயிருக்கும். அதை அவர் வெள்ளிக்கிழமைதான் ஆன் பண்ணுவார். கடைசி நாள் வியாழன். நான் மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும், சீட் தானாகப் போய்விடும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அம்மாவாகப் போய்க் கொடுத்த நம்பர்தானே அது.

வாயைக் கட்டுவது மற்றவர்களுக்குச் சுலபமாக இருக்கலாம். எனக்குச் செவ்வாய்க்கிழமையே அது பெரும்பாடாகிவிட்டது. லிஸ்ட் வந்ததா என்று அம்மா கேட்டாள். வரவில்லை என்றேன். புதன்கிழமை மறுபடி கேட்டாள். மறுபடி வரவில்லை என்றேன். சண்டை எவ்வளவு வேண்டுமானாலும் போடுவேன், பொய் எனக்குப் பழக்கமில்லை. வியாழக்கிழமை காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"சீட்டு வரலைன்னா விடு. ஒங்கப்பாட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். ஒரு வருசம் கூடத்தானே, ஒன்னும் சொல்ல மாட்டாக."

பஸ் வரை நான் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வகுப்பில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பேனா கேட்ட கீரனூர்க்காரியை ஒரு பேனா வாங்க வக்கில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு என்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைக் கக்கச் சொன்னாள். கக்கினேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல், அது உன் உரிமை, ஆனால் இப்படித் திருடி மாதிரி ஒளித்து வைத்திருக்கிறாயே, உனக்கு அசிங்கமாக இல்லையா என்றாள். என்னிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் அவள்தான். சுருக்கென்று தைத்தது. ஆனால் அதில் எனக்கு ஒரு வழியும் கிடைத்துவிட்டது. ஒளிக்க வேண்டாம். வாதாடி ஜெயிக்கலாம்!

நோட்டை எடுத்து மளமளவென்று எழுதினேன். பட்டம் தனியாகக் கையில் இருந்தால் அரசாங்கத் தேர்வு எழுதலாம். வீட்டிலிருந்தே போய் வரலாம், திருச்சி என்றால் விடியற்காலையில் எழுந்து இரண்டு பஸ் மாற வேண்டும். பதினேழு வயதில் சட்டப் புத்தகம் தலைக்கு ஏறாது. இப்படி ஏழு பாயிண்ட். அப்பா எதைச் சொன்னாலும் பதில் தயார். நான்கு மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், ரூமில் இருப்பார்.

"அப்பா, ஒரு விசயம் சொல்லணும். கோவப்படாம கேளுங்க."

"சீட்டு வந்திருக்கு. அதானே?" என்றார்.

என் கையிலிருந்த நோட்டு மடியில் விழுந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"திங்கக்கெழமையே பாத்துட்டேன் ஆத்தா. ரேங்க் லிஸ்ட்டு வந்ததுலேருந்து அந்த சிம்ம தெனமும் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

திங்கள், செவ்வாய், புதன். மூன்று சாயங்காலமும் என்னோடு பேசியிருக்கிறார். பட்டிமன்றக் கதையை இரண்டு தடவை சொல்ல வைத்துச் சிரித்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடமும் மூச்சுவிடவில்லை. ஏன்பா என்றேன்.

"நான் சொன்னா எனக்காகச் சேந்துருவ. நீயாச் சொல்லணும்னு இருந்தேன். ஒனக்கு அந்தக் காலேஜு புடிச்சிருக்குல்ல, அங்கிட்டே இரு. எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. ஒரு வருசம் கூட இருந்துட்டு வாரேன், அதுக்கென்ன?"

முடிந்தது. ஏழு பாயிண்டில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் நான் ஜெயித்துவிட்டேன். ஐந்து மணி வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் மூன்று வருடமும் என்னுடையது. எனக்கு வந்ததோ ஆத்திரம். அவர் ஒரு வார்த்தை எதிர்த்திருந்தால், ஒழுங்காகச் சேர் என்று அதட்டியிருந்தால், நான் விடாமல் வாதாடியிருப்பேன், அந்தச் சீட்டையும் தூக்கி எறிந்திருப்பேன். அவர் கேட்கவே இல்லை. கேட்காத மனுசனிடம் எப்படி வாதாடுவது? அவருடைய ஒரு வருடத்தை நான் மூன்று நாளாக யாருக்கும் தெரியாமல் கையில் பொத்தி வைத்திருந்தேன். அது தெரிந்தும் என் கதைக்குச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அழுகை வந்தது, அழுதேன். கீரனூர்க்காரி துப்பட்டாவை நீட்டினாள்.

"பட்டன் போன எடுத்து வைங்கப்பா. நம்பர் வரும், சொல்லுங்க," என்றேன்.

"அவசரப்படாத. எனக்காகவா?"

"உங்களுக்காகவும்தான். எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ரெண்டு மேலயும் ஆசையா இருந்தா நான் என்ன பண்ண?"

அது சத்தியமான வார்த்தை. திங்கட்கிழமை வாய்க்குள்ளேயே மூடி வைத்த அந்தக் குதியாட்டம் அப்போதுதான் வெளியே வந்தது. போனை மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டு, ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் திரையைத் தட்டினேன். முதல் நம்பர் வந்தபோது அப்பாவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை, தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது நம்பரை அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்ல, நான் அவசரத்தில் ஒன்றை மாற்றி அடித்தேன். நாலே முக்கால். கீரனூர்க்காரி போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் அதைத் திருப்பிச் சொல்ல, அவள் அடித்தாள். பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. இடம் உறுதி செய்யப்பட்டது!

நாங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். யாரோ என்னைத் தூக்கினார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இனி யார் வாதாடுவார்கள் என்று ஒருத்தி கேட்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் அப்பா என்னவோ சொல்வது கேட்டுப் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"நல்லாப் படி ஆத்தா. டூட்டிக்கு நேரமாச்சு, சாயங்காலம் கூப்பிடுறேன்," என்றார். எப்போதும் போலத்தான் சொன்னார். சந்தோஷம் என்றோ வருத்தம் என்றோ அந்தக் குரலில் எதுவும் இல்லை. சரிப்பா என்றேன்.

அவர் போனைக் கட் பண்ண மறந்துவிட்டார். சட்டைப் பையில் போட்டிருப்பார் போல, துணி உரசுகிற சத்தம் கேட்டது. தட்டுக் கழுவுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம். கட் பண்ண நான் விரலைக் கொண்டு போனேன். அப்போது அப்பா ரூமில் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். மகளுக்குச் சீட்டுக் கிடைத்தது என்றோ, மகள் வக்கீலாகப் போகிறாள் என்றோ சொல்லவில்லை.

"டேய், நான் ஒரு வருசம் முந்தியே ஊருக்குப் போறேன்டா."

பதினோரு வருடமாக அவரோடு தினமும் பேசுகிறேன், அந்தக் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை. யாரோ தட்டைத் தட்டி விசில் அடித்தார்கள். அப்பா அவர்களுக்கு அதையே இன்னொரு தடவை சொன்னார். நான் அதையும் கேட்டேன்.